தையல் இயந்திரத்தின் அகமும் புறமும்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே, விறாந்தையின் ஒரு கோடியில், சன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து வைக்கப்பட்ட கறுப்பு நிறக் கால்மிதித் தையல் இயந்திரத்தைக் காணாதவர் நம்மவருள் மிகச் சிலரே. பாட்டியாருக்குச் சீதனத்தோடு வந்தது. தாயார் அதிலே தைத்தார். மகள் தொட அஞ்சுகிறாள். சட்டையும் பாவாடையும் தலையணை உறையும் ஆண்டுக்கணக்காகத் தைத்துப் பழகிய தாய்மாரிடம், "மேலிருந்து வரும் நூல் கீழேயுள்ள நூலைப் பிடிப்பது எவ்வாறு?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் புன்முறுவல் பூத்து, "அது எப்படியோ பிடிக்கிறது" என்றே விடையிறுப்பர்.

இயந்திரம் ஓடும்வரை இந்த அறியாமையால் நட்டம் ஒன்றுமில்லை. அது நின்ற அன்றே தொல்லை தொடங்குகிறது. நம் குடாநாட்டில், திருத்துநரை அழைக்க முடியாத காலமும் ஒன்று இருந்தது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இங்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், மின்கலம் முதலிய பல பொருள்களுக்குத் தடை வந்தது. மின்மோட்டார் பூட்டிய இயந்திரங்கள் ஓய்ந்துவிட, மனிதக் காலையன்றி வேறெதனையும் வேண்டாத கால்மிதி இயந்திரங்களே குப்பி விளக்கின் ஒளியில் வேலை செய்தன. பழஞ்சேலை குழந்தையின் சட்டையாயிற்று. தகப்பனாரின் சாரம் தலையணை உறையாயிற்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் கைக்கெட்டியதைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, இரும்புக் கால்களையும் பலகையையும் விட்டு இயந்திரத்தின் தலையை மட்டும் பிரித்தெடுக்க இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினாற் போதும் என்று அறிந்திருப்பது சிறிய அறிவன்று. போரில் கணவரை இழந்த பெண்கள் பலருக்குப் பின்னாளில் வீட்டுக்குச் சோறு போட்டதும் இந்த இயந்திரமே.

ஆதலின் உறுப்புகளின் பெயர்களை வரிசையாக அடுக்கி வாசகரைச் சலிப்படையச் செய்யாமல், ஒரேயொரு தையல் விழும்போது உள்ளே நிகழ்வதைப் பின்தொடர்ந்து செல்வோம். உறுப்புகள் வழியிலே தாமாக எதிர்ப்படும்.

கையால் தைக்கும் ஊசியை எடுத்துப் பாருங்கள். கூர் ஒரு முனையில், நூல் கோக்கும் கண் மறுமுனையில். அவ்வூசி துணியை முழுவதும் ஊடுருவி அப்பாற் சென்று, அங்கிருந்து மறுபடி இப்பால் வருகிறது. ஒரு கை விடுவதை மறு கை வாங்குகிறது. இயந்திரத்துக்கு விடவும் வாங்கவும் கைகள் இல்லை. அதன் ஊசி ஊசித்தண்டிலே திருகாணியால் இறுகப் பூட்டப்பட்டது. துணிக்குள் பாதிவழி போய்த் திரும்பிவிடும். எனவே கண்ணைக் கூரின் அருகே கொண்டுவந்து வைத்தனர். ஊசி இறங்கும்போது நூலும் உடன் இறங்குகிறது. ஆனால் ஊசி ஏறும்போது நூலும் உடன் ஏறிவிடுமே! துணிக்குக் கீழே அதனைப் பிடித்து நிறுத்துவார் யார்? தையல் இயந்திரத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வினாவுக்குத் தேடிய விடைதான்.

அவ்விடை ஒருவரால் ஒரே நாளில் கண்டதன்று. 1790இல் தோமஸ் செயின்ற் என்ற ஆங்கிலேயர் தோல் தைக்கும் பொறியொன்றுக்கு உரிமம் பெற்றார். 1830இல் பிரெஞ்சுத் தையற்காரரான பார்த்தலமி திமோனியே சங்கிலித் தையல் இடும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்று, பாரிஸ் நகரில் படையினருக்கு உடை தைக்கும் தொழிற்சாலையில் அதனைப் பயன்படுத்தினார்; தம் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர் கூட்டமொன்று உட்புகுந்து இயந்திரங்களை நொறுக்கியது. அமெரிக்கரான வோல்ற்றர் ஹண்ட் அதே காலத்தில் இரு நூல் கொண்டு தைக்கும் பொறியைச் செய்தும், ஏழைத் தையற் பெண்களின் வேலை போகும் என்று எண்ணி அதனைக் கைவிட்டார் என்பர். 1846இல் இலியாஸ் ஹோ உரிமம் பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர் நேராக மேலும் கீழும் செல்லும் ஊசியும், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதமும் கொண்ட இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். ஹண்ட் அஞ்சியதற்கு மாறாக, எத்தனையோ பெண்களுக்கு அது தொழிலைப் பறிக்காமல் கொடுத்தது.

இயந்திரங்களை ஐயத்தோடு நோக்கிய காந்தியடிகளுங்கூட, 1924இல் இராமச்சந்திரன் என்ற இளைஞரோடு உரையாடியபோது, சிங்கர் தையல் இயந்திரத்தை விலக்காகக் கொண்டார். மனைவி வருந்தித் தைப்பதைக் கண்டு இரங்கிய கணவனின் அன்பிலே பிறந்த இயந்திரம் என்பது அவர் கருத்து. 1927 நவம்பரில் கதர் நிதிக்காக அவர் யாழ்ப்பாணம் வந்ததை நம் முதியோர் பெருமையோடு சொல்வர். அடிகளின் முடிவு சரியே. காட்டிய காரணந்தான் சரித்திரத்தோடு பொருந்தவில்லை. சிங்கர் பணமீட்டுவதையே குறியாகக் கொண்டவர்; அவரது இல்லறமும் பிறருக்கு எடுத்துக்காட்டத் தக்கதாய் இருக்கவில்லை.

இனி வினாவுக்கு வருவோம். இயந்திர ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒரு பக்கத்தில் மேலிருந்து கண்வரை நீண்ட பள்ளமொன்று ஓடுவது தெரியும். மறுபக்கத்தில், கண்ணுக்குச் சற்று மேலே, சிறிய குழிவு ஒன்று இருக்கும். ஊசி துணியைத் துளைத்து இறங்கும்போது நூல் அந்த நீண்ட பள்ளத்திலே படுத்துக்கொள்கிறது. ஆகவே துணி அதனைப் பற்றுவதில்லை. மறுபக்கத்து நூலுக்கு அவ்வாறு ஒளிய இடமில்லை. ஊசி அடிமட்டத்தைத் தொட்டு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் மேலெழும் போது, பள்ளத்து நூல் தடையின்றி அசைய, மறுபக்கத்து நூலைத் துணி உராய்வினாற் பிடித்துக்கொள்கிறது. ஏற முடியாத அந்நூல் வெளியே புடைத்துச் சிறு வளையமாகிறது. அவ்வளையத்துக்குள் அதே கணத்தில் ஒரு கூரிய மூக்கு நுழைகிறது. அதுவே சட்டிலின் மூக்கு.

சட்டில் என்பது தறியிலே நெசவாளர் எறியும் நாடாவுக்கு உரிய ஆங்கிலப் பெயர். அது தையல் இயந்திரத்துக்கும் வந்தது. மிகப் பழைய இயந்திரங்களில் சட்டில் துப்பாக்கிக் குண்டின் வடிவில் நீண்டிருக்கும்; அதன் வயிற்றிலே மெல்லிய நீண்ட பொபின் கிடக்கும். நம் வீடுகளில் இன்று மிகுதியாக உள்ள இயந்திரங்களிலோ, பிறை போன்ற சட்டில் வட்டமான தன் பாதையில் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதன் நடுவிலே பொபின் கூடும், கூட்டுக்குள்ளே கீழ்நூல் சுற்றிய பொபினும் இருக்கின்றன.

மூக்கிற் சிக்கிய வளையத்தைச் சட்டில் இழுத்துப் பெரிதாக்கி, பொபின் கூட்டைச் சுற்றி மறுபுறம் கொண்டுபோய் நழுவ விடுகிறது. இதனை மாணவர்கள் ஒரு விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். ஒருவன் கையிலே ஒரு கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். அதன் மறு நுனி தொலைவிலே கட்டப்பட்டிருக்கட்டும். இன்னொருவன் வேறொரு கயிற்றை வளையமாக்கி, அவன் தலைவழியே போட்டுக் கால்வழியே எடுக்கட்டும். இப்போது முதற் கயிறு இரண்டாம் கயிற்று வளையத்துள் அகப்பட்டிருக்கும். நிற்பவன் தன் கயிற்றை ஒருபோதும் கைவிடவில்லை. ஆயினும் இரு கயிறுகளும் பின்னிக்கொண்டன. நிற்பவனே பொபின் கூடு. அவன் சுவரோடு ஒட்டி நின்றால் வளையம் அவனைத் தாண்டமுடியாது. அவ்வாறே பொபின் கூடும் எதனோடும் ஒட்டிப் பூட்டப்படாமல், உடன் சுழலாதபடி மட்டும் தடுக்கப்பட்டு, நூல் எப்பக்கத்திலும் கடந்து செல்ல இடைவெளி விட்டு இருக்கிறது. இந்த இடைவெளியில் ஒரு நூற்துண்டு அகப்பட்டால் இயந்திரம் இறுகி நின்றுவிடும்.

கூட்டைச் சுற்றி வருவதற்கு வளையம் பெரிதாக வேண்டும். சுற்றியபின் அவ்வளவு நூலும் மிச்சம். அதனை மேலே இழுத்து முடிச்சை இறுக்குவது, இயந்திரத்தின் முகத்திலே மேலும் கீழும் ஓயாது தலையாட்டும் நூலிழுக்கும் நெம்பு. ஊசி இறங்கும்போது அது தாழ்ந்து நூல் கொடுக்கிறது. சட்டில் வளையத்தை விட்டதும் சட்டென உயர்ந்து வாங்கிவிடுகிறது. கொடுத்ததில் மிகப் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கி, ஒரு தையலுக்கு வேண்டிய சிறிதளவையே விட்டுவைக்கும் கெட்டிக்காரக் கடைக்காரன் அது! இதனால் நூலின் ஒரே பகுதி, துணியிலே நிலைபெறுவதற்கு முன், ஊசிக்கண்ணின் வழியே பலமுறை மேலும் கீழும் உராய்கிறது. நாட்பட்ட மலிவு நூல் கைத்தையலுக்கு உழைத்தும் இயந்திரத்தில் அறுந்துபோவதன் காரணம் இதுவே.

முடிச்சு எங்கே விழவேண்டும் என்பது அடுத்த விஷயம். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் கனத்துக்குள்ளேயே, நடுவில், ஒன்றையொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். மேலிருந்து பார்த்தால் மேல்நூலும், கீழிருந்து பார்த்தால் கீழ்நூலும் மட்டுமே தெரியவேண்டும். இது கயிறிழுக்கும் போட்டி போன்றது. மேல்நூலை இறுக்கிப் பிடிப்பவை இரண்டு சிறிய வட்டத் தட்டுகள். அவற்றை ஒரு விற்சுருள் நெருக்க, முன்னேயுள்ள திருகு நெருக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. கீழ்நூலைப் பிடிப்பது பொபின் கூட்டின் மேலுள்ள மெல்லிய தகடு. அதற்கு வாய்த்த திருகாணி கடுகளவுதான். பொபின் இட்ட கூட்டை அதன் நூலிலே தொங்கவிட்டு மெல்ல உலுக்கினால், சிறிது வழுகி இறங்கி நிற்கவேண்டும். தடதடவென்று இறங்கினால் தளர்ச்சி, அசையாவிட்டால் இறுக்கம்.

இங்கேதான் பெரும்பாலோர் வழி தவறுவர். துணியின் அடியிலே நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், "அடியில்தானே கோளாறு" என்று பொபின் கூட்டைக் கழற்றித் திருகாணியைத் திருகத் தொடங்குவர். உண்மை அதற்கு நேர்மாறானது. அடியிலே தொங்குவது மேல்நூல். மேலே பிடிப்பாரில்லாததால் அது கீழே சரிந்துவிட்டது. பெரும்பாலும் நூல் அந்த இரு தட்டுகளுக்கிடையே சரியாக விழாமையே காரணமாயிருக்கும். பாதத்தை உயர்த்தும்போது தட்டுகள் விலகித் தளர்கின்றன, தாழ்த்தும்போது நெருங்குகின்றன. எனவே பாதம் உயர்ந்திருக்கும் நிலையிலேயே நூல் கோக்கவேண்டும். அடியிற் கண்ட பிழைக்கு மேலேயும், மேலிற் கண்ட பிழைக்குக் கீழேயும் முதலிற் பார்க்க.

துணியை நகர்த்துவது தைப்பவரின் கையன்று. ஊசி இறங்கும் தகட்டின் வெட்டுக்குள்ளே அரத்தைப் போன்ற பற்கள் இருக்கின்றன. அவை மேலெழுந்து துணியைக் கவ்வி, பின்னே தள்ளி, தாழ்ந்து, துணியைத் தொடாமலே முன்னே வந்து, மறுபடி எழுகின்றன. இந்த நான்கு அசைவு முறையை அமைத்தவர் அலன் வில்சன் என்ற அமெரிக்கர், ஆண்டு 1854. அழுத்தும் பாதம் மேலிருந்து துணியைப் பற்களோடு சேர்த்து அமுக்குகிறது. ஊசி துணிக்குள் இருக்கும் நேரமெல்லாம் பற்கள் தாழ்ந்து கிடக்கும். ஊசி வெளியேறியபின்தான் துணி நகரும். அவசரத்திலே துணியைப் பின்னாலிருந்து இழுப்பவர் இவ்வொழுங்கைக் குலைக்கிறார். ஊசி வளைந்து தகட்டிலே மோதி முறிகிறது. பழி ஊசி விற்ற கடைக்குப் போகிறது. தைப்பவரின் கைகள் துணிக்கு வழிகாட்டினாற் போதும். ஒரு தையலின் நீளத்தைக் குறிப்பது, வலப்பக்கத் தூணிலே மேலும் கீழும் அசையும் நெம்பு. சாதாரணப் பருத்தித் துணிக்கு அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் அளவாகும்.

இத்தனை அசைவுகளும் ஒன்றுக்கொன்று முந்தாமலும் பிந்தாமலும் நிகழ்வது எவ்வாறு? எல்லாம் ஒரே அச்சிலிருந்து புறப்படுகின்றன. கைச்சில்லின் அச்சு இயந்திரத்தின் கை நெடுகிலும் ஓடி, ஒரு முனையில் ஊசித்தண்டையும் நூலிழுக்கும் நெம்பையும் ஆட்டுகிறது. அதனோடு இணைந்த தண்டுகள் தூணின் உள்ளே இறங்கி, அடியிலுள்ள சட்டிலையும் பற்களையும் இயக்குகின்றன. கைச்சில்லைச் சுற்றுவது கீழேயுள்ள பெரிய சில்லும் தோற்பட்டியும். பெரிய சில்லு ஒருமுறை சுற்றினால் சிறிய சில்லு பலமுறை சுற்றும். மிதிபலகையின் ஆட்டத்தை ஓர் இணைப்புத் தண்டு சுழற்சியாக மாற்றுகிறது. சைக்கிள் மிதிப்பவனின் முழங்காலுக்குக் கீழுள்ள கால் செய்யும் வேலையும் அதுவே. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடங்களில் எவ்வளவு மிதித்தாலும் பயனிராது. ஓடிக்கொண்டிருக்கும்போது சில்லின் கனமே அவ்விடங்களைத் தாண்டச் செய்யும். ஓட்டம் தொடங்கும்போதுதான் கைச்சில்லைக் கையால் நம் பக்கமாக உருட்டிவிட வேண்டியிருக்கிறது. புதிதாகப் பழகும் பிள்ளைகள் இதனை மறந்து மிதிக்க, சில்லு பின்னோக்கிச் சுழன்று நூல் சிக்கிக்கொள்ளும். துணியும் நூலும் இன்றி வெறும் சில்லை ஒரே திசையில் ஓடவிட ஒரு மாலை முழுவதும் பழக்கினால், பின்னர் எத்தனையோ நூல் மிஞ்சும். கைச்சில்லின் நடுவிலுள்ள திருகைத் தளர்த்தினால் சில்லு சுழலும், ஊசி அசையாது. பொபினில் நூல் சுற்றும் வேளைக்கென்றே இவ்வேற்பாடு.

இன்று கடைகளிலே வளைந்து வளைந்து தைப்பனவும், பொத்தான் துளை தாமே கட்டுவனவும், எழுத்து எழுதுவனவும் கிடைக்கின்றன. மூடியைத் திறந்து பார்த்தால், அங்கும் கண் முனையிலுள்ள ஊசி, வளையத்தைப் பிடிக்கும் மூக்கு, கீழ்நூல் சுற்றிய பொபின், நான்கு அசைவுப் பற்கள். பழைய இயந்திரத்தின் கதையை அறிந்தவருக்குப் புதியது அந்நியமன்று.

பழைய இயந்திரங்களின் பிறப்பிடமும் அறியத் தக்கது. சிங்கர் நிறுவனம் இலங்கையில் 1877இலேயே காலூன்றியது. விலையைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் தவணை முறையை அது அமெரிக்காவில் 1856இல் தொடங்கியிருந்தது. முழுத்தொகை கையில் இல்லாத வீட்டுக்கும் இயந்திரம் வந்து சேர்வதற்கு இம்முறை வழி திறந்தது. உங்கள் வீட்டுச் சிங்கர் இயந்திரத்தின் அடித்தட்டில், தூணின் அருகே, ஓர் எண் பொறித்திருக்கும். அதன் முன்னே 'ஒய்' என்ற ஆங்கில எழுத்தோ, 'ஈ'யிலே தொடங்கும் இரட்டை எழுத்தோ இருந்தால், அது பெரும்பாலும் ஸ்கொத்லாந்தில் கிளைட்பாங்க் என்னும் ஊரிற் செய்யப்பட்டதாகும். அத்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. அங்குள்ள புகையிரத நிலையத்தின் பெயர் மட்டும் இன்றும் 'சிங்கர்' என்றே இருக்கிறது. அங்கே செய்தவை மூடுவிழாவுக்குப் பின்னும் இங்கே ஓடுகின்றன.

இயந்திரம் முரண்டு பிடித்தால் எதிலே கைவைப்பது? முதலில் ஊசி. வளைந்த ஊசி, மழுங்கிய ஊசி, மேல்வரை ஏற்றிப் பூட்டாத ஊசி, முகம் மாறிப் பூட்டிய ஊசி ஆகிய எதிலும் வளையம் சட்டிலின் மூக்குக்கு எட்டாது; இடையிடையே தையல் விட்டுவிட்டு விழும். நீண்ட பள்ளம் உள்ள பக்கத்திலிருந்தே நூல் கண்ணுள் நுழையவேண்டும். மெல்லிய வொயில் துணிக்கு 9 அல்லது 11ஆம் இலக்க ஊசி, சட்டைத் துணிக்கு 14, தடித்த காற்சட்டைத் துணிக்கு 16 அல்லது 18. ஊசியை மாற்றியும் சரிவராவிட்டால், நூலை முழுவதும் கழற்றி மறுபடி கோக்க. பின்னர் தகட்டைக் கழற்றி, பற்களுக்கிடையே அடைந்துள்ள பஞ்சுத்தூசியைப் பழைய தூரிகையால் நீக்குக. திருகாணிகளைத் தொடுவது கடைசி வேலை. தொட்டால் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், திருப்பிய அளவை ஒரு தாளிலே குறித்து வைப்பது புத்தி. இவ்வளவும் செய்தபின் திருத்துநரை அழைத்தால், அவரும் உங்களோடு மரியாதையாகப் பேசுவார்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. நம் குடாநாட்டில் கடலுக்கு வெகு தொலைவான ஊர் ஒன்றுமில்லை. உப்புக்காற்றும் கார்த்திகை மழையும் இரும்புக்குப் பகை. எண்ணெய்த் துளைகள் அனைத்திலும் ஒவ்வொரு சொட்டு, நாள்தோறும் தைப்பவர் கிழமைக்கொருமுறை விட்டாற் போதும். ஆனால் சமையலறைத் தேங்காயெண்ணெயை விடலாகாது. அது நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகி அசைவை இறுக்கும். அவ்வாறு இறுகிய இயந்திரத்துக்குச் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூலின்றிச் சிறிதுநேரம் ஓட்டி, கறுத்து வழிவதைத் துடைத்தெடுத்தபின், மெசின் எண்ணெய் இடவேண்டும். துளைகளைத் தேடும் வேலையை வீட்டுச் சிறுவரிடம் விடலாம். கூர்ந்து பார்க்கும் கண்கள் அவர்களுடையவை. மாரிகாலத்தில் நெடுநாள் தைக்காமல் வைப்பதாயின், ஊசித்தண்டிலும் சட்டிலிலும் மெல்லிதாக எண்ணெய் பூசி, பட்டியைச் சில்லிலிருந்து நழுவவிட்டு, பாதத்துக்கும் பற்களுக்கும் இடையே எண்ணெயை உறிஞ்சும் பருத்தித் துண்டு ஒன்றை மடித்து வைத்துப் பாதத்தைத் தாழ்த்தி, மூடியிட்டு வைக்க. தைப்பொங்கலுக்குப் புதுச்சட்டை தைக்க உட்காரும் நாளில் அத்துண்டின் மீதே முதல் நாலைந்து வரி தைத்துப் பார்த்தால், எஞ்சிய எண்ணெய்க் கறை அதனோடு போய்விடும்.